ஊத்துக்கோட்டைக் கிலோமீட்டர்

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திய பிறகுதான் தேசப்பன் மீட்டரைப் பார்த்தான். ஊத்துக்கோட்டை போய்வந்த தூரம் முழுவதையும் அது ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டிருந்தது. காக்களூர் கம்பெனியில் ஓவர்டைம் என்றுதான் காலையில் மனைவி ஈஸ்வரியிடம் சொல்லியிருந்தான். காக்களூர் கூப்பிடு தூரம். வண்டி இருவருக்கும் பொது. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து ஒருவர் ஓட்டிய தூரத்தை மற்றவர் பார்ப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஊத்துக்கோட்டையில் தம்பி பூவராகவன் இருந்தான். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அண்ணன் பெயர் விட்டுப்போனதில் சண்டை.

"இனிமே அவன் ஊட்டு வாசலை மிதிச்சா என்னை இன்னான்னு கேளு!" என்று அன்றைக்கு ஈஸ்வரியிடம் சொன்னான் தேசப்பன்.

ஈஸ்வரி அதற்கும் மேலே போனாள். "நீ மிதிச்சினா இந்த ஊட்ல உனக்குச் சோறு கெடையாது!"

அப்புறம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த போட்டோவில் அச்சு அசல் செத்துப்போன அம்மாவின் மூக்கு. எத்தனை நாள்தான் போட்டோவையே பார்த்துக்கொண்டிருப்பது?

சக்கரம் முன்னால் உருண்டால் ஏறுகிற எண், பின்னால் உருண்டால் இறங்கத்தானே வேண்டும்? வண்டியைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு தெருவில் நடந்தான்.

"இன்னா நைனா, ரிவர்ஸ்லயே போய்க்கினு கீற?" என்றார் எதிர்வீட்டு அருணாச்சலம்.

"பிரேக் டெஸ்ட் பண்றேங்க."

தெருக்கோடி போவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசி எண் மட்டும் பேருக்கு அசைந்திருந்தது. இப்படியே தள்ளினால் ஊத்துக்கோட்டைக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டியதுதான்.

காலி மனைக்குள் ஒதுங்கி, செங்கல் அடுக்கி முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினான். எதிரே குந்திக்கொண்டு கை ஓயுமட்டும் சுற்றினான். மூச்சு வாங்க எழுந்து பார்த்தால் மீட்டர் இன்னும் ஏறியிருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்ததில் முன்னும் பின்னும் மாறிப்போய்விட்டது.

மதிலுக்கு மேல் அருணாச்சலத்தின் தலை தெரிந்தது. "பிரேக்கு புட்ச்சிக்கிச்சா? இரு, உன் சம்சாரத்தைக் கூப்புடறேன். டார்ச் எட்த்துக்கினு வரட்டும்."

"வேணாங்க!"

பதறிப்போய் வண்டியை இழுத்தான். செங்கல் சரிந்து, ஸ்கூட்டர் சாய்ந்து, ஹெட்லைட் நொறுங்கியது. இப்போது மறைக்க வேண்டியவை இரண்டு.

உருட்டிக்கொண்டே மெக்கானிக் சாலமோன் கடைக்கு ஓடினான்.

"லைட்டு மாத்திடலாம்ணே. மீட்டருக்கு இன்னா?"

"ஊத்துக்கோட்டை போய்ட்டு வந்த தூரம் கொறையணும்பா. தம்பி கொழந்தைய பாக்கப் போனேன். உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா பெரிய பேஜாரா பூடும். முடியுமா உன்னால?"

சாலமோன் அலட்டிக்கொள்ளவில்லை. மீட்டர் கேபிளைக் கழற்றி டிரில்லிங் மெஷினில் மாட்டினான். பின்பக்கமாகச் சுற்ற வைக்கும் பொத்தானைத் தள்ளிக்கொண்டே கேட்டான்.

"போன வாரம் அண்ணி கொழந்தைய பாத்துட்டு வந்து கொறச்சிக்கினு போனாங்களே, அதே அளவு போதுமாண்ணே?"