பசிக்குது என்று சொன்னது நான்தான்

செத்துப்போன எங்கள் அப்பா பாதி வழியில் பேசினார் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பேசியது நான். இதை நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. நம்பிய ஆள்தான் குறைவு.

எனக்குப் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை. படிப்பு ஐந்தாவது. அப்பா, பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில், தம்பி சேகர் வீட்டில் இருந்தார். பத்து மாதம் படுக்கை. பார்த்துக்கொண்டது தம்பி மனைவி சாந்தி. ராகிக் கூழைத் துணியில் வடிகட்டி ஸ்பூனில் ஊட்டுவாள். மூத்த மகன் நான் மாதம் ஒரு தடவை போன் போட்டு, "சாப்ட்டாரா?" என்று கேட்பேன். (கேட்பது சுலபம்.)

சேதி வந்ததும் பஸ் ஏறினேன். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது. பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. கொள்ளிச்சட்டி தூக்குகிறவன் சோறு தொடக் கூடாது. டீ மட்டும் குடிக்கலாம். பக்கத்து வீட்டிலிருந்து கேனில் வந்தது. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று டீயாகக் குடித்தேன். ஐந்து கிளாஸ்.

மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். முன்னால் மேளம். அப்புறம் சட்டியோடு நான். சுடுகாடு ஒன்றும் தூரமில்லை. பிள்ளைகளே ஓடி விளையாடும் தூரம்தான்.

இரண்டு வீடு தாண்டியதும் கை நடுங்கியது.

"பாரு, அப்பன் மேல எவ்ளோ பாசம்" என்றார் ஒருத்தர்.

வெயிலில் குளிர்ந்து வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. உதடு மரத்துப்போனது. மேளம் எங்கோ அடுத்த ஊரில் அடிப்பதுபோல் கேட்டது. பெண்கள் திரும்பிப் போகிற முச்சந்தி வந்தது. அங்கே விழுந்தேன். சட்டி உடைந்தது. நெருப்பு மாணிக்கம் சித்தப்பாவின் வேட்டியில் பட்டது. அவர் அப்பாவின் தம்பி. துக்கத்துக்கென்று புதுசாகக் கட்டிவந்த வேட்டி.

நான் கீழே கிடந்து உதறினேன். மேளக்காரர்களுக்கு ஒருத்தன் உதறினால் போதும், அடியைச் சாமியாட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றினார்கள். சித்தப்பா கருகிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் குந்தினார்.

"யாரு வந்துக்கறது? அண்ணனா?"

"ம்" என்றேன். (கலெக்டரா என்று கேட்டிருந்தாலும் ம் என்றுதான் சொல்லியிருப்பேன்.)

"என்ன கொறைண்ணா? சொல்லுண்ணா!"

"பசிக்குது."

மேளம் நின்றது. எல்லோரும் சாந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து மாசமா பட்டினி போட்டுக்கறாளேடி" என்றது ஒரு குரல். சாந்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பீடி பிடிக்கும் என்று யாரோ பற்றவைத்து என் வாயில் வைத்தார்கள். எனக்குப் பழக்கமில்லை. இருமினேன்.

"அண்ணனேதான்! அதே இருமலு!" என்றார் சித்தப்பா.

அப்புறம் அப்பா விரும்பிக் குடிக்கிற ஆரஞ்சு கலர் ஒரு பாட்டில் வந்தது. முழுசும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு?" என்று கேட்டேன்.

"பாத்தீங்களா? கலர் உள்ள போச்சு, அண்ணன் மலையேறிட்டாரு!"

அதற்குமேல் ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. வேறு சட்டி வந்தது. மிச்ச தூரம் தம்பி தூக்கினான். எங்கள் அப்பாவுக்கு நான் தூக்கியது நாலு வீட்டுத் தூரம்.

அன்றிலிருந்து சாந்தி சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோறு போடுவாள், பிசைவாள், எடுத்துவைத்துவிடுவாள். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்று சொன்னேன்.

"அது அப்பா இல்ல சாந்தி. மயக்கத்துல நான் ஒளறுனது."

"அவருதானுங்க மாமா" என்றாள். "கடேசி மூணு நாளும் அதையேதான் சொன்னாரு. பொறையேறிடும், வாயில ஒண்ணும் குடுக்காதீங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பஞ்சுல தண்ணியத் தொட்டு ஒதட்ட நனைச்சேன். பசிக்குது பசிக்குதுன்னே போய்ட்டாருங்க."

இது எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் நான் போன் போடவில்லை.

பதினாறாம் நாள் காரியம். ஒகேனக்கல்லில் வேனை நிறுத்திவிட்டு ஆற்றுக்கு நடந்தோம். அன்றைக்கும் எனக்கு வெறும் வயிறு, சர்க்கரை டீ. (புத்தி வந்திருந்தால்தானே.) பாதியில் அதே நடுக்கம், அதே குளிர்ந்த வியர்வை. "அண்ணன் வர்றாரு" என்று சித்தப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். சேகர் அவரைக் கேட்கவில்லை. என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டான். சாந்தியும் ஏறினாள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நர்ஸ் விரலில் குத்தி மிஷினில் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு. சுகர் மாத்திரை போடறாரா?"

"அவருக்குச் சுகரே இல்லீங்க" என்றாள் சாந்தி.

டாக்டர் வந்தார். குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "சுகர் இல்லாதவங்களுக்கும் சில பேருக்கு இப்படி எறங்கும். நேத்திலிருந்து சாப்பிடல. வெறும் வயித்துல சர்க்கரையாக் குடிச்சிருக்காரு. சட்டுனு ஏறி சட்டுனு எறங்கிடுச்சு. அதுக்கு மேல நடை வேற" என்றார்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினார்கள். தொண்ணூறு. சாந்தி மிஷினையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது எறங்குனா பேச்சு மாறுமாங்க?"

"மாறும்மா. ஒளறுவாங்க. பசி பசின்னும் சொல்லுவாங்க."

சாந்தி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்கி நீங்கதானா மாமா?"

"நான்தான் சாந்தி."

"வெறும் பசிதானா?"

"வெறும் பசிதான்."

நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பீடி வேற குடுத்தாங்களே!" என்று சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. பத்து மாதத்து அழுகை. எனக்கும் அப்போதுதான் வந்தது. சேகர் எங்களைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நாலு பன் வாங்கிவந்தான். இரண்டை சாந்தி தின்றாள்.

அப்புறம் பெங்களூரில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். சர்க்கரை நோய் இல்லை. சாப்பிடாமல் நடக்காதே என்றார்கள். இப்போது சட்டைப் பையில் வேர்க்கடலை வைத்துக்கொண்டுதான் ரவுண்டு போகிறேன். சித்தப்பா மட்டும் மாறவில்லை. வருஷா வருஷம் அப்பா படத்துக்கு ஒரு ஆரஞ்சு கலர் வைத்துக் கும்பிடுகிறார்.

ஊருக்குப் போனால் நான் வாய் தவறிக்கூடப் பசிக்கிறது என்று சொல்ல முடியாது. சேகர் பிடித்துக்கொள்வான்.

"கேக்கறது நீயா, அப்பனா? ஆளச் சொல்லுண்ணா, அதுக்குத் தக்கன பீடியா சோறான்னு பாக்கலாம்."

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சாந்தி மட்டும் சிரிக்க மாட்டாள். எழுந்து போய்த் தட்டு எடுத்துவருவாள்.

"யாரா இருந்தா என்னுங்க மாமா? உக்காருங்க."