வேண்டாம் டீச்சரும் இருபத்து மூன்று கிலோவும்

தாமிரபரணியின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ‘வேண்டாம்’ என்ற சொல்லை எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கிறார். மற்றவர்களெல்லாம் என்னைப் போல. வயிறு முட்டிய பிறகும் இலையில் விழுகிற நாலாவது இட்லியைத் தடுக்கக் கை எழாத ஜாதி.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் வேண்டாம் டீச்சர்.

எங்கள் பக்கம் ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டில் படிக்க விசா வந்துவிட்டால், மறுநாளே பொட்டலங்கள் வர ஆரம்பித்துவிடும். “எங்க மச்சினன் மகன் அங்கனதான் இருக்கான். இதை மட்டும் குடுத்துரச் சொல்லுங்க.” ‘இதை மட்டும்’ என்றால் இரண்டு கிலோ என்று பொருள். பெட்டிக்கு மொத்தமே இருபத்து மூன்று கிலோ. மறுத்தால் முகம் முறிந்துவிடும், அடுத்த கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி நம்மைப் பார்க்காமலே தாண்டிப் போகும். அதனால் பெட்டி வாங்கிய கையோடு டீச்சரைக் கூப்பிட்டு விடுவார்கள்.

காலை ஒன்பது மணிக்கு வருவார். ஒரு கையில் சொந்த பிளாஸ்டிக் நாற்காலி, மறு கையில் மீன்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு கொக்கித் தராசு. திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி வரை அசைய மாட்டார். புறப்படுகிற நாள் வரை தினமும் இதுதான். காப்பி தவிர வேறெதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

பொட்டலக்காரர்களிடம் மட்டும்தான் கண்டிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தெரு இன்ஜினீயரின் மகன் பதினாலு ஜீன்ஸ் எடுத்து வைத்தான். டீச்சர் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. “ஒண்ணே ஒண்ணை மட்டும் கையால தொவைச்சு, புழிஞ்சு, கொடியில போட்டுட்டு வாலே” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து, சட்டை முழுக்க நனைந்து வந்தவன், தானாகவே பதினொன்றை எடுத்து பீரோவில் வைத்துவிட்டான்.

எங்கள் வீட்டுக்கு டீச்சர் வந்தது என் மகள் மதி ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது. அப்போது நானும் மதியும் பேசிக்கொள்வதில்லை.

அவளுக்கு உள்ளூரிலேயே பேங்க் வேலை. அதை விட்டுவிட்டு மேல்படிப்புக்குப் போகிறேன் என்றாள். யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நான், சொல்லிப் பழகுவதற்கு ஒற்றை மகளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் கேட்கவில்லை. “உன் இஷ்டம்” என்றேன். அதோடு சரி, நாற்பது நாளாகப் பேச்சு கிடையாது. ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, “மோட்டாரை அணைக்கச் சொல்லு உன் மகள” என்று மனைவியிடம் சொல்வேன். “அணைச்சு அரைமணி நேரமாச்சுன்னு சொல்லும்மா” என்று அவள் சொல்வாள். நடுவில் என் மனைவி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே பாத்திரக்கடை அண்ணாச்சி அல்வாவோடு வந்துவிட்டார்.

“ஒரு கிலோதான் டீச்சர். எங்க தங்கச்சி மகன் அங்கனதான் இருக்கான்.”

“எங்கன?”

“லண்டன்ல.”

“இவ போறது ஜெர்மனிக்கு.”

“ரெண்டும் பக்கம் பக்கந்தாங்காங்க.”

“அம்பாசமுத்திரம் பஸ்ல ஏறுத ஆளுகிட்ட ஒரு சாமானைக் குடுத்து, புன்னக்காயல்ல குடுத்துருன்னு சொல்லுவீங்களா அண்ணாச்சி?”

“அதெப்படி? அது மேக்க, இது கெழக்க.”

“அப்ப வேண்டாம்.”

அடுக்களையிலிருந்து என் மனைவி ஓடி வந்து, “என்ன டீச்சர், அண்ணாச்சிகிட்ட இப்படிப் பேசுதீங்க” என்று பதறினாள். அண்ணாச்சி அல்வாவோடு படியிறங்கித் தெருமுனை திரும்பியதும், டீச்சருக்குப் பெரிய டம்ளரில் காப்பி வந்தது. எல்லா வீட்டிலும் இதே நாடகம்தான். பழியை டீச்சர் வாங்கிக்கொள்வார், பெட்டி நமக்கு மிஞ்சும். அன்றிலிருந்து அண்ணாச்சி டீச்சரோடு பேசுவதில்லை.

அடுத்த நாள் என் மனைவியே மாட்டினாள். குக்கரைத் துடைத்து, மூடி, பெட்டிக்குள் வைத்தாள். டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“காத்தையா அனுப்புதீங்க? அது அங்கயும் இருக்கும்.”

அரைமணி நேரத்தில் குக்கருக்குள் ஆறு ஜோடி காலுறை, மிளகு, சீரகம், பெருங்காய டப்பா, ஒரு கரண்டி எல்லாம் போயிருந்தன. விசிலைத் தனியாக எடுத்து ஒரு காலுறைக்குள் சுருட்டினார். என் அத்தை கொண்டு வந்த மாவடு ஜாடியை மட்டும் முகர்ந்து பார்த்து, “நல்லா இருக்கு. ஆனா இது ஒடஞ்சா புள்ளைக்குப் போட்டுக்கிட கோட்டு இருக்காது” என்று திருப்பிக் கொடுத்தார். அத்தை எனக்கு ஒரு வாரம் போன் செய்யவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை. பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். சரியாக இருபத்து இரண்டு. என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பருப்புப் பொடியோடு ஓடி வந்தாள்.

“வேண்டாம். அந்த ஒரு கிலோ தம்பிக்கு” என்று டீச்சர் என்னைப் பார்த்தார். “ஆறு நாளா பாக்கேன். ஊரே பொட்டலம் கொண்டாருது. பெத்தவன் ஒரு ஊக்குகூட வைக்கல. என்ன வைக்கப் போறீங்க?”

பூஜை அறைக்குப் போய் நெல்லையப்பர் படத்தை எடுத்து வந்தேன்.

“கண்ணாடி. வேண்டாம்.”

குடையை எடுத்து வந்தேன்.

“அங்க அடிக்கிற காத்துக்கு இது மல்லாந்துரும். வேண்டாம்.”

பரணில் ஏறி என் பழைய அகராதியை இறக்கினேன்.

“படிக்கப் போறவளுக்கு அங்க பொஸ்தகம் கெடைக்காதா?” என்று தராசை மடியில் வைத்துக்கொண்டார். “தம்பி, எங்கிட்ட எதுக்குக் காட்டுதீங்க? வச்சுக்கிடப் போறவகிட்ட கேளுங்க. உள்ளதான இருக்கா.”

என் வீட்டு ஹாலுக்கும் மகளின் அறைக்கும் பன்னிரண்டு அடி. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. வாசலில் நின்று, அவளைப் பார்க்காமல் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துச் சொன்னேன்.

“ஒரு கிலோ எடம் இருக்காம்.”

அவளும் காற்றாடியைப் பார்த்தாள்.

“யாருக்கு?”

“எனக்கு. உனக்கு என்ன வேணும்?”

“ரப்பர் செருப்பு இல்லப்பா. எல்லாரும் மறந்துட்டாங்க” என்றாள்.

ஸ்கூட்டரில் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போனோம். ஒரு ரப்பர் செருப்பு வாங்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. செருப்பு வாங்கியது ஐந்து நிமிஷம். மீதி நேரம் ஜூஸ் கடை வாசலில் நின்றோம்.

“இன்னும் கோவமாப்பா?” என்று கேட்டாள்.

“கோவம் எப்பமோ போச்சு. எப்படிப் பேச்சைத் தொடங்கன்னு தெரியல. நீ இல்லாம அந்த வீட்டுல எப்படி இருக்கப் போறோம்னு பயம். அதைச் சொல்லத் தெரியாம வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“எனக்கும் பயந்தான். அம்மாகிட்ட சொல்லல. ஒங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். நீங்க பேசல.”

அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. அதுவரை டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கொக்கியில் மாட்டினார். நானூறு கிராம்.

“இப்பம் பொடியை வைங்க” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, பெட்டியைப் பூட்டி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவில் பாதி தூரம் போயிருந்தார்.

மதி போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் பேசுகிறாள், முதலில் என்னிடம்தான். அவள் பெட்டியால் வந்த பழியெல்லாம் இன்னும் டீச்சர் தலையில்தான் இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. நான் காலையில் பால் வாங்கப் போகும்போது அவர் வீட்டு வாசலில் நின்று பத்து நிமிஷமாவது பேசிவிட்டுத்தான் வருகிறேன். பேசுவதற்கு விஷயம் என்று ஒன்றும் இருக்காது.