பெரம்பலூருக்கு ரயில் வந்த வைபவம்

ரயிலே வராத ஊருக்கு ரயிலின் 'பாரம்பரியம்' மட்டும் வந்து சேர்ந்த பெருமை, இந்தப் பூவுலகில் பெரம்பலூர் ஒன்றுக்கே உரியது. மற்ற ஊர்கள் பாவம். முதலில் ரயிலை ஓட்டி, அது கிழடுதட்டும்வரை நூறு வருடம் காத்திருந்து, அப்புறம்தான் பாரம்பரியம் கொண்டாடுகின்றன. பெரம்பலூர் அந்தத் தொல்லையே இல்லாமல் நேராகக் கொண்டாட்டத்துக்கு வந்துவிட்டது.

இந்தச் சாதனையில் ரயில் கோரிக்கைச் சங்கத் தலைவர் வைத்திலிங்கத்துக்கும் பங்குண்டு. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு ரயில் பாதை வேண்டுமென்று முப்பத்தொரு வருடமாக மனுப் போட்டவர் அவர். அவருடைய கோப்பு 'பரிசீலனையில்' பத்து வருடமும், 'தீவிரப் பரிசீலனையில்' இருபது வருடமும் இருந்துவிட்டு, போன வருடம்தான் 'இறுதிப் பரிசீலனை' என்ற பதவி உயர்வைப் பெற்றிருந்தது.

அவருக்கு வீட்டிலும் ஓர் அவசரம் இருந்தது. ஒரே மகள் மலர்கொடிக்கு விருத்தாசலத்தில் வேலை. தினமும் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி அரியலூர் போய், அங்கே ரயில் பிடிக்க வேண்டும். "இந்த வருசமும் பாதைக்கு வழி பொறக்கலைன்னா நான் விருத்தாசலத்துலயே வூடு பாத்துக்கறேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள். மனைவி போன பிறகு வைத்திலிங்கத்துக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவர் தனி.

அந்தச் சமயத்தில்தான் 'பாரம்பரிய உல்லாச ரயில்' வந்தது. நூறு வயது நீராவி இன்ஜின் ஒன்றும் மரப்பெட்டிகள் இரண்டும் அரியலூர் ரோடு வழியாக லாரியில் வந்தன. வேலை முடிந்து மலர்கொடி திரும்பிய பஸ், முந்த வழியில்லாமல் அந்த லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. ரயிலுக்கே இந்த ஊருக்கு வர பஸ் ரோடுதான் கதியா என்று அவள் சலித்துக்கொண்டாள். சிறிசுகளுக்குப் பாரம்பரியத்தின் அருமை எங்கே தெரிகிறது.

ஊருக்கு வெளியே எண்ணூறு மீட்டர் தண்டவாளம் போட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் மண்மேடு. தொடக்க விழாவுக்கு வந்த வைத்திலிங்கம், திட்ட அலுவலர் ராஜவேலிடம் பணிவாகக் கேட்டார்.

"சார், இதை அரியலூர் வரைக்கும் நீட்டுவாங்களா?"

"இது போய்ச் சேர்ற ரயில் இல்லைங்க. அனுபவிக்கிற ரயில்."

"அப்ப எங்க எறங்கறது?"

"ஏறுன எடத்துலயே. அலைச்சல் கெடையாது பாருங்க."

கொதிகலனை மூட்டினால் வரலாறு வெடித்துவிடும் அபாயம் இருந்ததால், வேப்பந்தட்டையிலிருந்து வந்த டிராக்டர் ஒன்று பின்னாலிருந்து தள்ளியது. புகைக்கு ஈரத் தென்னைமட்டை. கூவலுக்கு ஒலிபெருக்கி. முதல் வகுப்புப் பெட்டியைக் கரையான் ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டபடியால், முக்கியஸ்தர்கள் மூன்றாம் வகுப்பு மரப்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியது பன்னிரண்டரைக்குக் கிளம்பியது.

"ரெண்டரை மணி நேரம் லேட்டுங்களே," என்றார் வைத்திலிங்கம்.

"அதுவும் பாரம்பரியத்துல சேர்த்திங்க," என்றார் ராஜவேல். "அது ஒண்ணுதான் பழுதில்லாம அப்படியே கெடைச்சுது."

ரயில் நாலு நிமிடத்தில் போய், நாலு நிமிடத்தில் திரும்பியது. இறங்கியதும் வைத்திலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ராஜவேல் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

"முப்பத்தொரு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒரு தடவை நன்றி சொல்லிப் பாருங்க. மேலிடத்துக்கு மனசு குளுந்துச்சுன்னா உங்க பாதை தன்னால வந்துடும்."

வைத்திலிங்கத்துக்கு அது நியாயமாகவே பட்டது. தோளில் பொன்னாடையோடு நிற்கிற மனிதனுக்கு எதுவுமே நியாயமாகத்தான் படும். அன்றைக்கே சங்கத்தைக் கூட்டினார். கோரிக்கைத் தீர்மானம் தவிர வேறெதையும் நிறைவேற்றியறியாத சங்கம், 'பெரம்பலூருக்கு ரயில் வந்தமைக்கு இச்சங்கம் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

மலர்கொடி நகலைப் படித்துப் பார்த்தாள். "ரயில் வந்துட்டுதுன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களேப்பா. உல்லாச ரயிலுன்னாவது போடுங்க."

"கூப்பிட்டு மரியாதை பண்ணவங்களுக்கு நொட்டை சொன்ன மாதிரி ஆயிடும்மா. நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல."

நாகரிகம் பதிவுத் தபாலில் போயிற்று.

முப்பத்தொரு வருடம் அசையாத கோப்பு மூன்றே வாரத்தில் அசைந்தது. அலுவலகங்கள் தூங்குகின்றன என்று பழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'தங்கள் சங்கத் தீர்மானத்தின்படி பெரம்பலூருக்கு ரயில் வந்துவிட்டபடியால், கோரிக்கை நிறைவேறியதாகக் கருதிக் கோப்பு முடித்து வைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது.

பதறிப்போன வைத்திலிங்கம், பெரம்பலூருக்கு ரயிலே இல்லை என்று மறுபடி எழுதினார். இந்தத் தடவை பதிலுக்கு எட்டே நாள்தான் ஆயிற்று. அது வந்த அன்று, விருத்தாசலத்தில் பார்த்த வீட்டுக்குப் போவதற்காக மலர்கொடி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் உறையை அவளிடமே நீட்டினார். அவள் பிரித்துப் படித்தாள்.

'ரயில் வந்தது என்று கையொப்பமிட்ட தாங்களே, ரயில் இல்லை என்றும் கையொப்பமிட்டுள்ளீர்கள். இவற்றில் எது பொய் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எமது சென்னை அலுவலகத்தில் நேரில் ஆஜராகி விளக்கவும். தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.'

வைத்திலிங்கம் கட்டிவைத்த சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். மகளும் போகிறாள், பாதையும் போயிற்று, இந்த வயதில் பொய்யன் என்ற பேரும் வந்து சேர்ந்தது.

"நான் பொய் சொன்னவனாம்மா?"

"இருங்கப்பா, இன்னும் ஒரு வரி இருக்கு," என்றாள் மலர்கொடி.

நேரில் ஆஜராவோர் வழி தெரியாமல் திண்டாடக்கூடாதே என்ற கருணையில், அந்த அலுவலகம் கடிதத்தின் அடியில் அச்சிட்டிருந்தது:

'பெரம்பலூரிலிருந்து வருவோர்க்கு மிக அருகிலுள்ள ரயில் நிலையம்: அரியலூர்.'