ஒரு பகல் தெருவாசம்

தெருவோரம் வாழ்வோரின் துயரத்தை நேரில் உணர்வதென்று மராத்தி தேசத்தில் இருக்கும் எங்கள் ஹடப்சர் தமிழன்பர் மன்றம் 2006 டிசம்பரில் ஏகமனதாகத் தீர்மானித்தது. போன வருஷம் கற்றாழை ஜூஸ் குடித்தோம். இந்த வருஷம் இதுதான் ஃபேஷன். ராத்திரி என்றால் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உணர்வது, நடுவில் தயிர்சாதம்.

இடம் பார்க்கத் தலைவர் பக்தவத்சலமும் நானும் போனோம். மேம்பாலத்தடியில் நல்ல நிழல், கார் நிறுத்தவும் வசதி. அங்கே ஒரு ஸ்டவ்வும் மூட்டையுமாக அந்தோணியம்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் அடுக்குமாடியில் 'ஏ' விங் முழுக்கப் பாத்திரம் தேய்க்கிற அதே அந்தோணியம்மா. வருஷக்கணக்காக வருகிறாள், எங்கிருந்து வருகிறாள் என்று கேட்கும் கெட்ட பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

"அட, நீ இங்கேயா இருக்கே?" என்றார் தலைவர்.

"பாலம் கட்டணும்னு எங்க ஜோப்படிக் குடிசைய இடிச்சாங்க சார். பாலம் வந்துச்சு, அதுக்கு அடியிலயே வந்துட்டேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் காலி பண்ணிக் குடு."

"நான் எங்க சார் போறது?"

"உன் கஷ்டத்தை உணரத்தானேம்மா இவ்வளவு பாடும்! நீ கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா?"

வார்டு ஆபீசில் ஜோக்லேகர் சாகேப் சட்டத்தை விளக்கினார். நடைபாதையில் வசிக்க அனுமதி கிடையாதாம். வசிப்பதைப் பற்றி விழிப்புணர்வு முகாம் நடத்தத் தாராளமாக அனுமதி உண்டாம்.

"அங்கே ஏற்கெனவே ஓர் அம்மா இருக்காங்களே?" என்று கேட்டேன்.

"பேனர் வெச்சிருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப அது ஆக்கிரமிப்பு."

எவ்வளவு தெளிவான மனிதர்!

விழா அமோகம். காற்றில் குத்துவிளக்கு நிற்கவே இல்லை. அதுவே வீடற்றோரின் முதல் துயரம் என்று செயலாளர் பார்கவி தழுதழுத்தாள். ஜோக்லேகருக்குப் பொன்னாடை போர்த்தினோம். தயிர்சாதம் முடிந்ததும் டி.வி.யில் கிரிக்கெட் என்று யாரோ சொல்ல, எல்லோரும் முழுமையாக உணர்ந்துவிட்டு வீட்டுக்கு ஓடினோம். பேனரை இன்னொருத்தர் அவிழ்ப்பார் என்று ஒவ்வொருத்தரும் நினைத்தோம். எங்கள் மன்றத்தில் அது மரபு.

அன்று சாயங்காலமே அந்தோணியம்மா மூட்டையோடு திரும்பிவந்து பேனருக்குக் கீழே உட்கார்ந்தாள். 'வீடற்றோர் விழிப்புணர்வு முகாம்' என்று தமிழிலும் மராத்தியிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. நடைபாதைச் சாமான்களை அள்ளிக்கொண்டு போகிற முனிசிபாலிட்டி லாரி வந்தது. ஆட்கள் பேனரைப் படித்தார்கள். முகாம் இன்னும் நடக்கிறது என்று பேசிக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே.

"உங்க பேனர் புண்ணியத்துல நிம்மதியாத் தூங்கறேன்க்கா" என்று பார்கவியிடம் பாத்திரம் தேய்த்தபடி சொல்லியிருக்கிறாள், பைத்தியக்காரி.

பார்கவி கமிட்டியைக் கூட்டிவிட்டாள். "மன்றத்துப் பேனரில் உறுப்பினர் அல்லாதவர் குடியிருக்கலாமா?" கூடாதென்று முடிவாயிற்று. நேரே பாலத்தடிக்குப் போனோம்.

"அதை மட்டும் விட்டுடுங்க சார்" என்று அந்தோணியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அது போச்சுன்னா லாரி வந்துரும்."

"நடக்காத முகாமுக்குப் பேனர் வெச்சா அது ஏமாத்து இல்லையாம்மா? மன்றத்துக்குன்னு ஒரு நேர்மை இருக்கு" என்றார் தலைவர். பேனரைச் சுருட்டி என் ஸ்கூட்டரில் வைத்தார்.

மறுநாள் லாரி வந்து ஸ்டவ்வையும் மூட்டையையும் அள்ளிப்போட்டது. அதற்கடுத்த நாள் 'ஏ' விங்கில் எந்த வீட்டிலும் காலிங் பெல் அடிக்கவில்லை.

ஐயோ, நாங்கள் பட்ட பாடு! சிங்க் நிரம்பி வழிந்தது. பார்கவி நிஜமாகவே அழுதாள். தலைவர் தானே குக்கரைத் தேய்க்கப்போய் விரலை வெட்டிக்கொண்டார். எங்கே போய்த் தேடுவது? யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"முகவரிகூடச் சொல்லாமப் போயிட்டாளே! கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?" என்று தலைவர் கட்டுப்போட்ட விரலை ஆட்டிக் கத்தினார்.

அவசரப் பொதுக்குழு கூடிற்று. 'வீடற்றோரால் வீட்டார் படும் துயரம்' என்ற தலைப்பில் அடுத்த முகாமை உடனே நடத்த ஏகமனதாகத் தீர்மானித்தோம். பழைய பேனரிலேயே கொஞ்சம் மாற்றி எழுதினால் போதும். இடத்துக்கும் கவலையில்லை, பாலத்தடி காலியாகத்தான் இருக்கிறது.