உயிரோடிருந்தவருக்கு ஒரு நினைவு நாள்

கையெழுத்து அழகாக இருந்தால், எதை எழுதினாலும் ஊர் நம்பிவிடும். எனக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். புத்திதான் அந்த அளவுக்கு அமையவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு நான் செயலாளர். (வேறு யாரும் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.) தினமும் காலையில் வாசல் கரும்பலகையில், அந்தத் தேதியில் வரலாற்றில் நடந்ததையும் ஒரு பொன்மொழியையும் எழுதுவேன். பொன்மொழி கிடைக்காத நாளில் நானே ஒன்றைச் சமைத்து, அடியில் 'ஓர் அறிஞர்' என்று போட்டுவிடுவேன்.

படிப்பகத்துக்கு இடம் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி மாமா. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'. அவர் பிறந்தது ஜூலை பதினாலில், பிரெஞ்சுக்காரர்களின் தேசியப் பெருநாளில். அந்த வருடம் அவரை அசத்த நினைத்தேன். 'பிறந்த நாள்' என்று எழுதினால் தொட்டில் குழந்தைக்கு எழுதுவதுபோல் இருக்கிறதே என்று, கம்பீரமாக இப்படி எழுதினேன்:

'இன்று பாரிசில் பாஸ்டில் கோட்டை வீழ்ந்தது. நம் கோவிந்தசாமி அவர்களின் நினைவு நாள். மாமனிதர்கள் மறைவதில்லை – ஓர் அறிஞர்.'

(என்றும் நினைவில் நிற்கவேண்டிய நாள் என்ற அர்த்தத்தில். சத்தியமாக.)

சுற்றிலும் பூ வரைந்துவிட்டு, அவருக்கு மாலை வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மாமா வீட்டு வாசலில் கூட்டம். அட, வாழ்த்துச் சொல்ல இத்தனை பேரா! மாலையோடு முண்டியடித்து முன்னே போனேன். தையல்கடை இப்ராகிம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துகூட அவரு கோட்டுக்குப் பொத்தான் தெச்சுக் குடுத்தேனே. எப்பப்பா முடிஞ்சுது?"

பலகையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"விடிஞ்சதுமே பாய். நான்தான் முடிச்சேன்" என்றேன் பெருமையாக.

பாய் என் கையை விட்டுவிட்டார்.

உள்ளே மாமாவின் மனைவி தனம் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா அதிகாலையிலேயே மெடல்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் நடக்கும் விழாவுக்குப் போயிருந்தார்.

"வெயில்ல நின்னு மயங்கி விழுந்துட்டாரா? தண்ணி கிண்ணி கேட்டாரா?" என்றாள் அத்தை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இல்ல அத்த... அது வந்து... பொறந்தநாளு..." என்று உளறினேன். பெண்கள் அழுத அழுகையில் அது யார் காதிலும் விழவில்லை. கையில் மாலை வேறு. அதைப் பார்த்து அத்தை இன்னும் பலமாக அழுதாள்.

வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மெடல்கள் கிணுகிணுக்க மாமா இறங்கினார்.

"இன்னா கூட்டம்? யாரு போயிட்டாங்க?"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. கடைசியில் பாய்தான், "நீங்கதான்" என்றார் மெதுவாக.

அத்தை ஓடிவந்து அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் எதிரில், மெடல்களில் முகம் பதித்து அழுதாள். சண்டைக்கெல்லாம் போய்வந்த மனுஷர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பிறகு பாய் காட்ட, பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழுத்து நல்லா இருக்குடா" என்றார். அவ்வளவுதான். அறைந்திருக்கலாம்.

வேட்டித் தலைப்பால் பலகையைத் துடைத்தேன். அன்றோடு செயலாளர் பதவியையும் விட்டேன். அத்தை வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேசத் தொடங்கியதும் முதல் வேலையாக, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வரத் தாமதமாகி, மற்றவர்கள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தால், என் மனைவி அடுப்படியில் இருந்தே குரல் கொடுப்பாள்:

"பயப்படாதீங்க, வந்துடுவாங்க. இவரு இன்னும் பலகைல எழுதல."