சுவரொட்டி அண்ணன் சட்டைக் கையை மடித்த நாள்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள அத்தனை ஆடுகளும் ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தான் நடுங்கியிருக்கும். கறிக்கடை பாயைப் பார்த்துக்கூட அவை அவ்வளவு பயந்திருக்காது. எங்கள் சுவரொட்டி அண்ணன் ஓர் ஆட்டைப் பார்த்தாரென்றால், அது நின்றுகொண்டிருக்கும்போதே ஈரல் எங்கே, மண்ணீரல் எங்கே என்று பார்வையாலேயே பிரித்து வைத்துவிடுவார்.

பெயரைக் கேட்டு, போஸ்டர் ஒட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டின் மண்ணீரலுக்குத்தான் சுவரொட்டி என்று பேர். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். அதைக் காலைப் பலகாரமாகச் சாப்பிட்ட ஒரே ஆம்பிளை இவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா அப்பா வைத்த பெயரைப் பட்டறையில் யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறையில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து லேத், இரும்பு கடைகிற மெஷின். திருமுல்லைவாயிலில் ஒரே குடியிருப்பு; நான் கீழே, அவர் மூன்றாவது மாடி. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதை நான் கவலைப்பட்டுத் தெரிந்துகொள்வேன். அண்ணனுக்குக் கவலை என்றால் என்னவென்றே தெரியாது. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு இரண்டு கையிலும் கரப்பான். டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெடித்து, நீர் வடிந்து, சொறிந்து சொறிந்து யானைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஆனி மாதம் ஆர்டர் இல்லையென்று பட்டறையை ஒரு மாதம் மூடினார்கள். அந்த மாதம்தான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்து கறியை மட்டும் தின்கிறான், அவன் எக்ஸிமா ஓடிப் போகிறது. அவன் பேசினது இங்கிலீஷ், உனக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன்.

"கையக் காட்னான், கறியக் காட்னான், மறுபடியும் கையக் காட்னான். இதுக்கு இன்னாத்துக்கு நைனா இங்கிலீஷு?" என்றார்.

அன்றோடு சோறு நின்றது, இட்லி நின்றது. கறியும் உப்பும்தான். கறிவேப்பிலைகூட தழை என்று தள்ளிவிட்டார். கரப்பானுக்குக் கத்திரிக்காயும் கருவாடும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். அண்ணன் ஒரே போடாக, மண்ணில் முளைக்கிற எதுவுமே ஆகாது என்றார்.

ஆச்சரியம், ஒரு மாதத்தில் கை ஆறியது. அதற்கப்புறம் அவர் வாய் ஓயவில்லை. டீக்கடையில் பன் சாப்பிட்டவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பாடி மேம்பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தின கண்டக்டரிடம், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் முழங்கையைக் காட்டினார். வாட்ச்மேனின் மூட்டுவலி, சூப்பர்வைசரின் பொடுகு, எல்லாவற்றுக்கும் கறி. எனக்கோ அவர் கிட்னியும் குடலும் என்ன ஆகுமோ என்று கவலை. தினமும் காலையில் லேத்தைப் போடுவதற்கு முன்னால் 'வெளியே போனியா அண்ணாத்தே' என்று கேட்பேன். சில நாள் பதில் வரும். பதில் வராத நாளில் என் வேலை ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை பாய் கடையில் சுவரொட்டிக்கு அடிதடி. முழுகாமல் இருக்கும் மருமகள்களுக்காக மாமியார்கள் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் அண்ணன் லுங்கியோடு நிற்பார். ஒரு நாள் பாய் தலையைத் தூக்காமல், வழக்கமாகக் கேட்கிற மாதிரியே, "எத்தினி மாசம்?" என்று கேட்டார்.

"மூணு மாசம் ஆவுது பாய்," என்றார் அண்ணன், கறி தின்ன ஆரம்பித்ததைச் சொல்லி.

மாமியார்கள் வழி விட்டுவிட்டார்கள்.

புரட்டாசி வந்தது. அண்ணி பெருமாளுக்கு விரதம். அந்த மாதம் அடுப்பில் முட்டைகூட ஏறாது. அண்ணன் சட்டியையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குக் குடிபோனார். காயப்போட்ட துணியிலெல்லாம் கவுச்சி. எங்கள் குடியிருப்புச் செக்ரட்டரி கோயம்புத்தூர்ப் பக்கம், ஐ.டி. வேலை, பரம்பரைச் சைவம். மாடியில் என்ன நடக்கிறது என்று அவர் வாட்ச்மேனைக் கேட்க, அவன் 'சுவரொட்டி சார்' என்றிருக்கிறான். மறுநாள் காலையில் மாடிக் கதவில் அழகாக அச்சடித்த தாள் தொங்கியது: இங்கே சுவரொட்டி ஒட்டக்கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.

அண்ணன் அதை இரண்டு தரம் படித்தார். "நான் எங்க ஒட்டுறேன், துன்றேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.

நான் சிரிக்கும் நிலைமையில் இல்லை. என் மகள் யாழினிக்கு ஏழு வயது. அவளுக்கும் முழங்கை மடிப்பில் இதே வியாதி. அந்த வாரம் அவள் வகுப்பு மிஸ் என்னைக் கூப்பிட்டு, கையில் என்ன என்று கேட்டார். எக்ஸிமா என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு அந்த நேரம் வாயில் வந்தது 'கரப்பான் மிஸ்'. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் யாழினியின் சட்டைக்குள் கரப்பான் பூச்சி இருப்பதாக வகுப்பு முழுக்கப் பேச்சு. அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் வரச் சொறிந்தாள். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தை விட்டவன் மகள் அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேராக மாடிக்கு ஏறினேன். நாளையிலிருந்து யாழினிக்கும் கறிதான், சோறு கிடையாது, எவ்வளவு வேகவைக்க வேண்டும் சொல்லு என்றேன். ஊருக்கெல்லாம் சொன்னவர், இதைக் கேட்டதும் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் அடுப்பை அணைத்தார். மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாப்பாக்கு வோணாம் நைனா."

"உனக்குச் சரியாச்சே, அண்ணாத்தே."

அவர் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றி மடித்தார். கொஞ்ச நாளாக முழுக்கைச் சட்டை போடுகிறாரே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோல் பழையபடி வெடித்திருந்தது. பழையதைவிட மோசம்.

"மொத மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பாலிக்கா திரும்பிக்கிச்சு. கறி பத்தலியோன்னு இன்னும் துன்னேன். ஊரெல்லாம் காட்டிக்கினு சுத்துன கை, இப்ப எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? என் ஒடம்பு, நான் இன்னா வோணாலும் பண்ணிக்குவேன். அது கொயந்த. சோறு துன்ற வயசு."

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்தது. இன்னும் ஒரு வாரம் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. காலையில் பாப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், நானும் கையைக் காட்டச் சீட்டு எடுக்கிறேன் என்றார் அண்ணன்.

தோல் பிரிவில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. யாழினியின் கையைத் தொட்டுப் பார்த்தார். அவர் தொட்டதே எனக்குப் பாதி மருந்து. இது ஒட்டுவாரொட்டி இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிக்க வைத்து, ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவுங்கள், அதிகமாகும்போது மட்டும் இந்த ஆயின்ட்மென்ட்டைச் சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள் என்றார். நான் பதினோரு சந்தேகம் கேட்டேன். சாப்பாட்டில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வளர்கிற பிள்ளை, ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் வந்து சொல்லுங்கள், பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

அடுத்து அண்ணன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதும், கண்டக்டருக்கே வைத்தியம் சொன்னவர் மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. கறியை மட்டும் சாப்பிட்டால் எக்ஸிமா போகும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது, சிலர் குறைந்தது என்று சொல்வார்கள், ஆனால் அதே சமயத்தில் வேறு என்ன மாறியது என்று பார்க்க வேண்டும் என்றார். அந்த முதல் மாதம் உங்களுக்கு வேறு ஏதாவது மாறியதா என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறல மேடம். பட்டற மூடிக் கெடந்துச்சு, ஊட்லயே குந்திக்கினு..."

தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லேத்தில் இரும்பு சூடாகாமல் இருக்கப் பால் மாதிரி கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருப்போம். நாள் முழுக்க முழங்கை வரைக்கும் அதில்தான் நனைவோம். அந்த ஒரு மாதம் அது அவர் மேல் படவில்லை. பட்டறை முதலாளி கதவைப் பூட்டினதற்கான புண்ணியத்தையெல்லாம் அண்ணன் ஆட்டுக்கு எழுதி வைத்திருந்தார்.

வெளியே வந்து மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். அண்ணன் ஆறு சாப்பிட்டார். ஏழாவதுக்குக் கை தூக்கினபோது எனக்கு மறுபடியும் கவலை வந்தது.

மறுநாள் காலையில் யாழினியை அவரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார், நானும் கூடப் போனேன். வாசலில் அவள் பெஞ்சுப் பிள்ளைகளை நிறுத்தி, எல்லாரும் பார்க்கிற மாதிரி சட்டையை முழங்கைக்கு மேல் மடித்தார். "எங்க, பூச்சி எங்க கீதுன்னு தேடுங்க," என்றார். பிள்ளைகள் உண்மையாகவே தேடினார்கள். ஒருத்தி விரலால் தொட்டு, மாமா உங்களுக்கு வலிக்குதா என்று கேட்டாள். வலிக்கல, அரிக்கும், அவ்ளோதான் என்றார். அந்தப் பிள்ளைதான் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. ஊரெல்லாம் ஆறின கையைக் காட்டியவருக்கு ஆறாத கையைக் காட்ட எவ்வளவு மனசு வேண்டும் என்று யோசித்தபடியே நான் வேலைக்குப் போனேன்.

இப்போது அவர் லேத்தை விட்டுவிட்டு, கூலன்ட் படாத பேக்கிங் வேலையில் இருக்கிறார். கை பரவாயில்லை. யாழினிக்கு முழுசாகப் போகவில்லை. பனி விழுந்தால் மடிப்பில் மறுபடியும் சிவக்கும். அந்த நாட்களில் நான் கண் விழிப்பதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டி, பாப்பா சொறிஞ்சாளா, தூங்குனாளா, க்ரீம் தீந்துபோச்சா என்று கேட்பார். நான் கவலைப்பட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எனக்காகக் கவலைப்பட்டு முடித்துவிடுகிற மனிதர் எனக்கு அவர் ஒருவர்தான்.