கேப்டன் அங்கிளின் கடலோர பங்களா

கேப்டன் அங்கிள் அளவுக்குப் பொய் சொன்னவர் மலேசியாவிலேயே கிடையாது. அத்தனை பொய்யையும் கேட்டுவிட்டு ஒருத்தர்கூட அவரிடம் கோபித்துக்கொண்டதும் கிடையாது.

முதலில், அவர் கேப்டனே இல்லை. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டையரான, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து யாழ்ப்பாணத்துக்காரர். கேத்தாம் தீவுக்குப் படகு ஏறினாலே வாந்தி எடுப்பார். ஆனால் மோரிப் கடற்கரையோரம் பழைய தோட்டத் துரையின் பங்களாவை வாங்கி, தங்குவதற்கு அறையும் காலைப் பசியாறலும் என்று விடுதியாக்கிய நாள்முதல் தலையில் வெள்ளைத் தொப்பி ஏறிவிட்டது.

நானும் என் வீட்டுக்காரரும் கிள்ளானிலிருந்து முதல்முறை போனபோது, கடலைப் பார்த்த அறையில் எங்களுக்கு ஒரு கட்டிலைக் காட்டினார்.

"இதிலதான் ஒரு கவர்னர் காய்ச்சலோட கிடந்தவர். கவனமாப் படுங்கோ."

கவர்னருக்கு மரியாதை கொடுத்து, என் வீட்டுக்காரர் விடியும்வரை ஓரமாகவே படுத்திருந்தார்.

காலையில் எல்லா அறைக்காரர்களும் ஒரே நீள மேசையில் பசியாற உட்கார்ந்தோம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "பாஸ், உங்க கட்டில்ல யாரு? நம்ம கட்டில்ல கடற்கொள்ளைக்காரன் செத்தானாம்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அங்கிள், எல்லாக் கட்டிலும் ஒரே மாதிரி இருக்கே?"

"கிள்ளான்ல சேல் போட்டாங்கள்லா, மொத்தமா எடுத்தன்," என்றார் கொஞ்சமும் கூசாமல். "கட்டில்தானே புதுசு? காத்து அதே பழைய காத்து. தோசை போடட்டா?"

அடுத்த வருஷம் நாங்கள் போயிருந்தபோது, பசியாறும் நேரத்தில் ஒரு வயதான அம்மா மகளோடு வாசலில் வந்து நின்றார்.

"தங்க வரல தம்பி. வெளிய நின்னு பார்த்துட்டுப் போயிடறோம். எங்கம்மா இங்க துரைக்குச் சமைச்சவங்க. நான் குசினிக்குப் பின்னால பொறந்தவ. முன்பக்கம் எங்களை விட்டதே இல்ல."

கேப்டன் அங்கிள் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இருவரையும் உள்ளே கூட்டிப்போய், எங்கள் அறையிலேயே உட்காரவைத்து, ஜன்னலை அகலத் திறந்தார்.

"எங்கம்மா குசினியிலேருந்து அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டாங்க," என்றார் அந்த அம்மா, கடலைப் பார்த்தபடி.

"அக்கா, இண்டைக்கு இங்கதான் நீங்க தங்கிறியள். வேற பேச்சில்லை," என்றார் அங்கிள். எங்கள் பெட்டிகளை அவரே தூக்கி வெளியே வைத்தார். எங்களிடம் கேட்கவில்லை, நாங்களே அவற்றைப் பின்பக்க அறைக்குத் தூக்கிப்போனோம்.

மேசையின் தலைப்பக்கத்தில் அந்த அம்மாவை உட்காரவைத்து அவரே தோசை பரிமாறினார். அந்த அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தார்.

"சாம்பார்ல உப்பு பத்தல."

அங்கிளின் முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "துரை வீட்டு மேசையில உட்கார்ந்து ஒரு குத்தம் சொல்லணும்னு எத்தனை வருஷ ஆசை தெரியுமா!"

அங்கிள் உப்பு எடுக்க ஓடினார்.

இப்போது விடுமுறைக்கெல்லாம் அந்த அம்மா வந்துவிடுகிறார். கடல் பார்த்த அறை அவருக்கு. எங்களுக்குப் பின்பக்க அறைதான். அங்கே கொசு அதிகம். ஆனாலும் நாங்கள் வேறு எங்கேயும் போய்த் தங்குவதில்லை.